சண்முகவடிவு நின்ற இடங்கள்

நிலத்தடி நீர் சண்முகவடிவின் பின்னால் போகிறது என்பது கருவியில் முதன்முதலாகப் பதிவானது 2016ஆம் ஆண்டு ஏப்ரல் பதினொன்றாம் தேதி, செம்பூர் திலக் நகரில், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் பின்புறம், ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடத்தில். திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கே வெயில் முப்பத்தாறு டிகிரி. அந்தக் குடியிருப்பு சொசைட்டிக்கு ஒன்பது நாட்களாகத் தண்ணீர் டேங்கர் வரவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் காலி வாளிகளை வீட்டு எண் எழுதி வரிசையாக வைத்திருந்தார்கள். சண்முகவடிவு அங்கே வந்தது தண்ணீர் கண்டுபிடிக்க அல்ல, அளக்கும் கருவியின் கேபிள் பிடிக்க. தண்ணீர் கண்டுபிடிக்க வந்தவள் பாகீரதி.

பாகீரதிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம், மாட்டுங்காவில் பிறப்பு, அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. பூமியின் உள்ளே இருப்பதைத் தோண்டாமல் அளக்கும் படிப்பைப் படித்து, ஆண்கள் மட்டுமே இருந்த அந்தத் தொழிலில் இருபத்தெட்டு வருடம் தனியாகக் காலூன்றி நின்றவள். பம்பாய் எரிமலைக் குழம்பு ஆறி உறைந்த தீவு என்பதை ஒவ்வொரு சொசைட்டி செக்ரெட்டரிக்கும் முதலில் சொல்லிவிடுவாள். "நீங்க எல்லாரும் எரிமலை மேல ஃபிளாட் வாங்கியிருக்கேள். இங்க தண்ணி கிடைக்கறது லேசு இல்லை" என்பாள். ஆறரைக் கோடி வருடங்களுக்கு முன்பு குழம்பு அடுக்கடுக்காக ஓடி இறுகிய அந்தக் கருங்கல்லில் ஈரம் தங்கும் இடம் சொற்பம். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில், குமிழி விட்ட கல்லில், வெடிப்புகளில். நாலு அடி தள்ளித் துளை போட்டால் புழுதிதான் வரும். அளவுக்கு மேல் உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். அவள் செய்ததெல்லாம் நான்கு இரும்புக் கம்பிகளை நேர்கோட்டில் மண்ணில் அடித்து, வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் விட்டு, உள் கம்பிகள் இரண்டுக்கும் நடுவில் அளப்பதுதான். காய்ந்த கல் மின்சாரத்தைத் தடுக்கும், ஈரக்கல் விடும், உப்புத் தண்ணீர் தடுக்கவே தடுக்காது. மீட்டர் நானூறு காட்டினால் கல், முப்பது காட்டினால் நல்ல தண்ணீர், மூன்று காட்டினால் கடல். அவள் குறித்துக் கொடுத்த பத்து இடங்களில் ஆறில் தண்ணீர் வந்தது. அந்தத் தொழிலில் பத்துக்கு ஆறு என்பது பெரிய பெயர்.

சண்முகவடிவை அழைத்து வந்தவன் வேன் ஓட்டும் பைசான். பழைய கேபிள் ஆள் ஊருக்குப் போய்விட்டதால் தாராவியில் தன் சந்துக்கு அடுத்த சந்தில் இருந்தவளைக் கேட்டான். முப்பத்தெட்டு வயது, நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் மகள், தாராவியிலேயே பிறந்தவள். பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கூடத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்திருந்தாள். கணவன் பிரம்மநாயகம் தோல் பை தைப்பவன், இரண்டு பெண் பிள்ளைகள். செருப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்வது அவள் பழக்கம். அன்று அவள் கடைசிக் கம்பியின் அருகில் நின்றபோது மீட்டர் நானூற்றுப் பத்திலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியது.

பாகீரதி இணைப்பைச் சரிபார்த்தாள். கம்பியைப் பிடுங்கி மறுபடி அடித்தாள். பேட்டரியை மாற்றினாள். இருபத்திரண்டு. சண்முகவடிவு டீ குடிக்க கேட் பக்கம் போனபோது மீட்டர் மெல்ல ஏறி நானூற்றுப் பத்தில் போய் நின்றது. திரும்பி வந்தபோது இறங்கியது. நான்கு முறை அவளை கேட்டுக்கு அனுப்பினாள், நான்கு முறையும் அதே கதை.

"என்ன மேடம், டீ குடிச்சுக் குடிச்சு வயிறு ஊதிட்டு" என்றாள் சண்முகவடிவு.

"நீ நிக்கறப்போ தண்ணி கிட்ட வரது."

"ஆமா, வரும். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். எங்க வீட்டுத் தரை காயவே காயாது."

"ஏன் அப்படி?"

"எனக்கென்ன தெரியும் மேடம். நாயி சில பேரு பின்னால வருதுல்லா, அது மாதிரி."

அவள் நின்ற இடத்திலேயே துளை போட்டார்கள். முப்பத்தெட்டு அடியில் நல்ல தண்ணீர் வந்தது. அவள் போன பிறகும் அது அங்கேயே இருந்தது. ஒருமுறை அவளைத் தேடி வந்த தண்ணீர், அவள் சிரித்த முகத்தோடு கிளம்பிப் போனால் அந்த இடத்திலேயே தங்கிவிடும் என்பது பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அறிக்கையில் பாகீரதி தன் பெயரைக் கையெழுத்திட்டு, கீழே 'உதவியாளர்கள் இருவர்' என்று எழுதினாள். அப்போது அவள் நெஞ்சுக்குழியில் ஏதோ புளித்தது. மதியம் சாப்பிட்ட தயிர் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டரை வருடங்களில் பத்துக்குப் பத்து. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சீத்தா கேம்ப் பள்ளிக்கூடத்திலும் பாகீரதி குறித்த நாற்பத்தேழு இடங்களில் நாற்பத்தேழிலும் தண்ணீர். மராத்திப் பத்திரிகை ஒன்று அவள் படத்தைப் போட்டது. மாட்டுங்காவில் ஒரு சபையில் மாலை போட்டு, கங்கையை வரவழைத்தவனின் பெயருக்கு ஏற்ற பெண் என்று பேசினார்கள். மேடையில் அந்த வார்த்தையைக் கேட்டபோது அவள் கண்கள் கடைசி வரிசையில் பைசானோடு உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருந்த சண்முகவடிவைத் தேடின. அதே நேரம் முற்றத்தில் முப்பது வருடமாகச் செத்துக் கிடந்த நீரூற்று கிளம்பி ஓர் ஆள் உயரத்துக்கு அடித்தது. சபையிலிருந்தவர்கள் எழுந்து அதைப் பார்க்கப் போனார்கள். தலைவர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் திரும்பி வரக் காத்திருந்தார். அன்று பாகீரதிக்குப் புரிந்தது, அது தயிர் அல்ல.

விஷயம் ஒரு வருடத்தில் வெளியே கசிந்தது. சொசைட்டிக்காரர்கள் போன் செய்து, மெஷின் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த தாராவி அம்மாவை அனுப்புங்கள் என்றார்கள். தண்ணீர் வந்த இடங்களில் பெண்கள் சண்முகவடிவுக்குப் புடவை கொடுத்தார்கள், அவளும் கூச்சப்படாமல் வாங்கி, அடுத்த நாள் அதையே கட்டிக்கொண்டு வந்து, "கலர் எடுப்பா இருக்கா மேடம்?" என்று கேட்டாள். பாகீரதி அவளை மிகத் தூரத்துக் கம்பிக்கு அனுப்பினாள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அதை மீறியும் மீட்டர் இறங்கியது. மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் இருந்த தன் ஆபீஸில் கோப்பு அடுக்கும் வேலை கொடுத்தாள். ஒரு வாரத்தில் ஈரம் அஸ்திவாரத்திலிருந்து கிளம்பி, முதல் மாடி பல் டாக்டரையும் இரண்டாம் மாடி டியூஷன் டீச்சரையும் தாண்டி, மூன்றாம் மாடிச் சுவரில் சண்முகவடிவின் நாற்காலிக்கு நேர் பின்னால் ஒரு பச்சைப் பாசித் திட்டாக வந்து நின்றது. கீழ் மாடிக்காரர்கள் புகார் எழுதினார்கள். மறுபடி அவளைக் கேபிளுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

ஒரு நாள் விடிந்ததும் பாகீரதி மீட்டரைத் தூக்கிக்கொண்டு, கணவர் சுப்ரமணியனையும் கூட்டிக்கொண்டு, மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போனாள். சுப்ரமணியன் பேங்கில் ரிட்டயர் ஆனவர், கேள்வி கேட்காத மனிதர். நடைப்பயிற்சிக்காரர்கள் பார்க்க, அவள் நான்கு கம்பிகளை அடித்துவிட்டு, செருப்பைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கடைசிக் கம்பியின் அருகே வெறுங்காலோடு நின்றாள்.

"பாருங்கோ, என்ன காட்டறது?"

"முன்னூத்து எண்பது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தான் படித்த கல் அடுக்குகளை ஒவ்வொன்றாக நினைத்தாள். காலடியில் எறும்பு ஏறியதைத் தட்டிவிடவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று.

"இப்போ?"

"மாறலை, பாகி" என்றார் சுப்ரமணியன். பிறகு, "ஆத்துக்குப் போய் காபி குடிக்கலாம்" என்றார். முப்பது வருடம் மழையிலும் வெயிலிலும் தன்னை நடக்கவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத ஒன்று, நேற்று வந்தவளின் பின்னால் நாய்க்குட்டி மாதிரி ஓடுகிறது. அவள் தட்டில் அன்று இட்லி ஆறிப்போய்க் கிடந்தது.

2019 ஜனவரியில் தீவு வேலை வந்தது. கேட்வே ஆஃப் இந்தியா படகுத்துறையில் லாஞ்ச் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வரும் தீவு. அதுவும் அதே எரிமலைக் கல். மலைச்சரிவில் இருநூறு குடும்பங்கள், ஒரு பள்ளிக்கூடம், மூன்று கிணறுகள். கிணறுகள் லேசாக உப்புக் கரிக்கத் தொடங்கியிருந்தன. ஊர்த்தலைவியாக இருந்த மராத்தி அம்மாள் துளை போடும் வண்டியை மிதவையில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பாகீரதிக்கு ஆள் அனுப்பினாள். பாகீரதி சண்முகவடிவிடம், "தீவு வேலை நின்னு போச்சு. ஞாயித்துக்கிழமை நீ வரவேண்டாம்" என்று சொன்னாள். வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்கள் மிகக் குறைவு; அதனால் அதைச் சொல்லும்போது மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் பைசானும் கூலிக்கு எடுத்த இரண்டு ஆட்களும் முதல் லாஞ்சில் போனார்கள். காலையிலிருந்து ஏழு இடங்களில் அளந்தார்கள். முன்னூறு, முன்னூற்று நாற்பது, ஐந்நூறு. சரிவு முடிந்து மண் தொடங்கும் இடத்தில், இரண்டு கல் அடுக்குகள் சந்திக்க வேண்டும் என்று பாறையின் நிறத்தை வைத்து அவள் ஊகித்த இடத்தில், எட்டாவது முறை கம்பி அடித்தபோது பன்னிரண்டரை மணி. மீட்டர் இருபத்தெட்டு காட்டியது. பாகீரதி குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். இருபத்தெட்டு. அவள் சிரித்தாள். பைசான் அவளோடு வேலை பார்த்த பதினோரு வருடத்தில் அவள் பற்களை அன்றுதான் முழுசாகப் பார்த்தான். ஆனால் அவன் அவள் முகத்தைத் தவிர்த்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு ஐம்பத்திரண்டு அடியில் தண்ணீர் வந்தது. ஊர்த்தலைவி உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டு, பாகீரதியின் நெற்றியில் குங்குமம் வைத்தாள். தேங்காய் உடைத்தார்கள். தேங்காய்த் துண்டை வாங்கக் கை நீட்டித் திரும்பியபோதுதான் பாகீரதி பார்த்தாள்: இருபது அடி தள்ளி, பாதையோரப் பாறையில், மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, இரண்டு மகள்களோடு உட்கார்ந்து சண்முகவடிவு புளிச்சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க மேடம், நீங்களும் சுத்திப் பாக்க வந்தியளா? வேலைதான் இல்லைன்னு சொன்னிய. தீவுக்குப் போறேன் போறேன்னு பிள்ளைகள்ட்ட சொல்லி வச்சிருந்தேன், ஏமாந்து போச்சுங்க. சரின்னு நானே கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள். "மத்தியானத்துல இருந்து இங்கதான் இருக்கோம். நீங்க மும்முரமா இருந்திய, அதான் கூப்பிடல."

பாகீரதி பேசியதை அங்கே நின்ற எல்லோரும் கேட்டார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் அர்த்தம் புரிந்தது.

"உன்னை யார் கூப்பிட்டா? நான் எங்க போனாலும் பின்னாடியே வந்துடுவியா? நீ என்ன பண்றே சொல்லு. படிச்சியா, அளந்தியா, ஒரு கல்லோட பேர் தெரியுமா நோக்கு? நிக்கறே. அவ்வளவுதான் நீ பண்றது. மாடு கூடத்தான் நிக்கறது. இனிமே என் கண்ணுலயே படாதே."

மூத்த மகள் கோகிலவாணிக்குப் பதிமூன்று வயது. அவள் வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் வைத்திருந்தாள். சண்முகவடிவு டப்பாவை மூடினாள், சின்னவளின் கையைக் கழுவிவிட்டாள், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு இறங்கிப் போனாள். ஓர் இடத்தை விட்டு அவள் சிரிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

தண்ணீரும் கிளம்பியது. துளைக்குள் உறிஞ்சுவது போல ஒரு சத்தம் கேட்டது. கம்பிகளை இன்னும் பிடுங்கவில்லை, அதனால் எல்லாம் பதிவாயிற்று: இருபத்தெட்டு, தொண்ணூறு, இருநூற்று அறுபது. லாஞ்ச் கிளம்பும் சங்கு ஊதியபோது முன்னூற்று நாற்பது. பிறகு வெற்றிடத்தில் மற்றது நுழைந்தது; ஐம்பது, பதினொன்று, மூன்று. புதுத் துளையில் மட்டுமல்ல, லேசாகக் கரித்துக்கொண்டிருந்த மூன்று கிணறுகளிலும் அன்று மாலைக்குள் கடல் ஏறிவிட்டது. ஒரு கிணற்றில் சிறு நண்டு ஒன்று மிதந்தது. ஊர்த்தலைவி பாகீரதியின் நெற்றியைப் பார்த்தாள், பிறகு கிணற்றைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்விட்டாள்.

தீவுக்காரர்கள் குடங்களோடு லாஞ்சில் வந்து கேட்வேயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பாகீரதி பதினோரு நாட்கள் வீட்டில் உட்கார்ந்து, கடல் நீர் புகுந்ததற்குக் கல்லில் காரணம் தேடி வரைபடங்களைப் பரப்பினாள். காரணம் நிறையவே கிடைத்தது. ஒவ்வொன்றும் நன்றாகவும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை பஸ் ஏறித் தாராவிக்குப் போனாள்.

சண்முகவடிவின் சந்தில் இரண்டு பேர் எதிர் எதிரே வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். வரிசையில் ஒன்பதாவதாக, நீல டிரம் ஒன்றையும் நான்கு குடங்களையும் வைத்துக்கொண்டு சண்முகவடிவு நின்றிருந்தாள். அவளைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. பாகீரதி அதைப் பார்த்தாள்.

"உன் காலடியில இவ்வளவு தண்ணி. இங்க ஏன் வரிசையில நிக்கறே?"

"குழி போட எடம் எங்கன இருக்கு மேடம்? எங்க தோண்டினாலும் யாராவது ஒருத்தர் வீட்டு அடுப்புலதான் போய் நிக்கும்."

வரிசை ஓர் அடி நகர்ந்தது.

"எனக்கு உன் மேல பொறாமை" என்றாள் பாகீரதி. அந்த வார்த்தையைத் தமிழில் அதுவரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அது தெரியும் மேடம். பூட்ஸ் வாங்கித் தந்தியளே, அன்னைக்கே தெரியும். அதுக்கெல்லாம் நான் வருத்தப்படல. எம்பிள்ளைய முன்னால என்னை மாடுன்னு சொல்லிட்டிய. மூத்தது இன்னும் என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கு."

"தப்பு பண்ணிட்டேன்."

"ஆமா, தப்புத்தான்."

"அந்த ஊர்க்காராளுக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. என்னோட வரியா?"

சண்முகவடிவு யோசித்தாள். வரிசை மறுபடி நகர்ந்தது. "உங்களோட வரமாட்டேன். பைசானோட போறேன். பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போறேன், அதே பாறையில உக்காந்து சோறு திங்கணும். நீங்க இங்க நில்லுங்க. டிரம்மும் நாலு குடமும் ரொம்பணும், வரிசையை விட்டுராதிய" என்றாள்.

அவள் சந்து முனை திரும்பியதும் குழாயின் வேகம் குறைந்தது. பக்கத்துச் சந்துகளில் தண்ணீர் முக்கால் மணியில் நின்றுவிடும்போது இந்தச் சந்தில் மட்டும் ஒன்றரை மணி நேரம் வருவது ஏன் என்று அதுவரை ஒருவரும் யோசித்ததில்லை. இப்போது நூல் போல் விழுந்தது, ஆனால் வழக்கமான நேரம் தாண்டியும் நிற்காமல் அப்படியே விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் குழாயைத் தட்டினார்கள், முனிசிபாலிட்டியைத் திட்டினார்கள், பிறகு நடுவில் புதிதாக நிற்கும் கண்ணாடிக்காரியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பாகீரதி நகரவில்லை. ஒன்பதாவது ஆள் முறை வர இரண்டு மணி நேரம், டிரம் நிரம்ப ஒன்றே கால் மணி நேரம். முழங்கால் வலித்தது. நின்றுகொண்டிருக்கும்போதெல்லாம் தீவில் இந்நேரம் யார் நெற்றியில் குங்குமம் வைப்பார்கள் என்று நினைத்தாள், நெஞ்சுக்குழி புளித்தது, அதோடு குடத்தை மாற்றி வைத்தாள். நான்காவது குடம் வழியும்போது பைசான் போன் செய்தான். மூன்று கிணறும் தெளிந்துவிட்டது, புதுத் துளையில் மீட்டர் இருபத்தாறு, பெரிய பெண் சிரிக்கிறாள், அம்மாவும் சிரிக்கிறாள் என்றான். இருபத்தெட்டை விட அது இரண்டு குறைவு என்பதை பாகீரதி கவனிக்காமல் இல்லை.

மூன்று மாதம் கழித்துச் சண்முகவடிவு வேலைக்குத் திரும்பினாள். ஆனால் கேபிள் பிடிக்க மாட்டேன் என்றாள். மீட்டர் படிக்கக் கற்றுக்கொண்டாள், ஆறு மாதத்தில் அளவுகளை வரைபடத்தில் கோடாகப் போட்டுக் கல்லின் பெயரும் சொன்னாள். மீட்டர்க்காரி நடுவில் உட்கார வேண்டும் என்பதால் கம்பியைத் தூக்கிக்கொண்டு கடைசிவரை நடப்பது பாகீரதியின் பாடாயிற்று. அறிக்கைகளில் இரண்டு கையெழுத்து. சண்முகவடிவு வேலைக்குப் போகும் நாட்களில் சந்தில் குழாய் நூல் போலத்தான் விழும் என்பதைப் பெண்கள் தெரிந்துகொண்டு, முந்தின நாளே பிடித்து வைத்தார்கள். பாகீரதியின் பொறாமை போகவில்லை. காலையில் வேனில் ஏறும்போது அதுவும் ஏறியது. வெயில் இறங்கும்போது கொஞ்சம் இறங்கியது. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் மறைக்கவில்லை.

போன வருடம் மே மாதம் தீவுக் கிணறுகளைச் சோதித்துவிட்டு மாலை லாஞ்சில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நடுக்கடலில் எஞ்சின் கோளாறு. படகோட்டி கீழே இறங்கிச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். கொண்டுவந்த பாட்டில்கள் காலியாகிவிட்டன. சண்முகவடிவு மீட்டர்ப் பெட்டியைத் தலைக்கு வைத்து, பலகையில் படுத்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கடலடிப் பாறையிலிருந்து அவளைத் தேடிக் கிளம்பிய தண்ணீர் மேலே வந்து, படகைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வேறு நிறத்தில் நின்றது. பைசான் குனிந்து முகம் கழுவினான். படகில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடித்தார்கள். பாகீரதி தூங்குகிறவளையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு டிஃபன் டப்பாவின் மூடியை எடுத்து, பக்கவாட்டில் சாய்ந்து மொண்டு குடித்தாள். கல்லில் ஊறிய தண்ணீர், சில்லென்று இருந்தது. இன்னொரு மூடி குடித்தாள். மூன்றாவதை நிரப்பி, எழுந்தால் கேட்பாள் என்று, சிந்தாமல் சண்முகவடிவின் கால்மாட்டில் வைத்தாள்.